கமறியா வீட்டு மஞ்சள் நெருப்பு

“தூக்கி வெளிய வைக்கச் சொன்னா வைக்கிறல்லையா? நான் இந்த வூட்டு ஆம்பிளையா, இல்ல உப்பளத்துக்குப் போய் வாற மாடா?”

“மாடும் இவ்வளவு கத்தாது. மெதுவாக் கதைங்க. ஸக்கியா வேலிக்கு வந்துட்டா.”

பக்கத்து வீட்டு ஸக்கியா வேலிக்கு வந்து கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. கையில் ஒரு முருங்கைக் கொப்பை வைத்துக்கொண்டு இலை உருவுகிறவள்போல் நின்றாள். கொப்பில் இலை எப்போதோ முடிந்துவிட்டது. விரல்கள் மட்டும் உருவிக்கொண்டிருந்தன.

“வரட்டுமே! நல்லாக் கேக்கட்டும். நாளைக்கு இது வெடிச்சா அவட கூரையைத்தான் முதல்ல தூக்கும்.”

“யா அல்லாஹ்! நான் என்ட பாட்டுக்கு முருங்கை இலை ஆயுறன் றவூப் நானா. ஒங்கட வூட்டுக் கதையில என்ட கூரையை ஏன் இழுக்கிறீங்க?”

“ஆஞ்சு முடிஞ்சாப் போங்களேன்.”

“முடியல்ல” என்றாள் ஸக்கியா.

சண்டை ஒரு காஸ் அடுப்பைப் பற்றியது. தில்லையடியில் அந்த ஒழுங்கைக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது. யார் வீட்டு ஆணத்தில் புளி கூடியது என்பது அஸர் தொழுகைக்கு முன் கடைசி வீடு வரைக்கும் போய்விடும். ஆனபடியால் றவூப் வீட்டு அடுப்பு மஞ்சளாக எரிகிறது என்ற சங்கதி மூன்று வாரமாக எல்லோருக்கும் தெரியும். காஸ் நெருப்பு நீலமாகத்தான் எரியவேண்டும் என்பதும் தெரியும். சில வருஷத்துக்கு முன் நாடெங்கும் அடுப்பு வெடித்த காலத்தில், பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட அதைப் படித்துக்கொண்டார்கள். றவூப் அந்த நாளில் ஃபோனில் வந்த வீடியோக்களை இன்னும் அழிக்கவில்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்து, பயத்தைப் புதுப்பித்துக்கொள்வார்.

அடுப்பை வாங்கியது மகள் சிபானா. புத்தளம் டவுனில் மருந்துக்கடையில் நிற்கிறாள். தாய் கமறியாவுக்கு இழுப்பு. விறகு ஊதினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம் வரும். “இனிப் புகைக்குள்ள போனீங்கண்டா மருந்தாலயும் ஒண்டும் செய்ய ஏலாது” என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லிவிட்டார். போன மாரியில் சிபானா இரண்டு வாய் அடுப்பொன்றை த்ரீவீலில் வைத்துக் கொண்டுவந்து, பழைய விறகடுப்பு இருந்த மேடையிலேயே வைத்தாள். மழைக்காலம் முழுக்க அது நீலமாக, நல்ல பிள்ளையாக எரிந்தது. சோழகக் காற்று எழும்பி, உப்பு வாரத் தொடங்கிய பிறகுதான் புத்தி மாறியது.

இதிலே ஒரு கலியாணமும் தொங்கிக்கொண்டிருந்தது. சிபானாவுக்குப் பேசியிருந்த ஃபாஹிமுக்குக் கற்பிட்டியில் வெங்காயத் தோட்டம். பெண் வீட்டோடு வந்து இருப்பதுதான் மாப்பிள்ளைக்கு வழக்கம். ஃபாஹிமோ, “வெங்காயத்துக்கு நாளைக்கு ரெண்டு தரம் தண்ணி ஊத்தணும். வெங்காயத்தையும் கூட்டிக்கொண்டா வாறது?” என்று கேட்டுவிட்டான். சரி, கற்பிட்டிக்கு வருகிறேன் என்று சிபானாவும் ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை: உம்மா விறகடுப்பைத் தொடக்கூடாது. தொடும் நிலைமை வந்தால் நிக்காஹ் இல்லை. தானே வீட்டில் நின்று சமைப்பாள். நிக்காஹுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

ஆகவே அடுப்பு வாசலுக்குப் போனால், அதன் பின்னால் கலியாணமும் போகும். கமறியாவுக்கு இது தெரியும். றவூபுக்கும் தெரியும். ஸக்கியாவுக்கு இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

“வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய இது இஞ்ச இருக்கப்படாது” என்று றவூப் முடிவாகச் சொன்னார். “பகலெல்லாம் நான் அங்க, நீ தனிய இஞ்ச. உப்பு வாரேக்குள்ள பத்துத் தரம் திரும்பி இந்தக் கூரை இருக்கா எண்டு பாக்கிறன். ஒரு நாளைக்குத் திரும்பிப் பாக்கேக்குள்ள இல்லாமப் போனா?”

கமறியா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருஷத்தில் இந்த மனிதர் உப்பளத்தில் நின்று கூரையைப் பார்த்த கதையை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாள். ஸக்கியாவின் விரல்களும் ஒரு நிமிஷம் கொப்பில் நின்றுவிட்டன.

“பாஸ் ஒருக்கா வந்து பாக்கட்டுமே” என்றாள் கமறியா, குரலைத் தணித்து.

பாஸ் என்றால் நிக்கொலஸ். சிலாபம் பக்கத்து ஆள். புத்தளத்தில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். காஸ் அடுப்பு, தண்ணீர் மோட்டர், அயர்ன்பெட்டி, எதுவானாலும் கழற்றுவார். கழற்றியதில் முக்கால்வாசியைத் திருப்பிப் பூட்டுவார் என்று ஸக்கியா சொல்வதுண்டு.

செவ்வாய்க்கிழமை காலையில் நிக்கொலஸ் வந்தார். சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து, முதலில் ஒரு பிளேன்டி குடித்தார். குடித்துக்கொண்டே நெருப்பைப் பார்த்தார். நெருப்பு, மாம்பழத்தின் தோல் நிறத்தில், வெட்கமில்லாமல் எரிந்தது.

“ஹரி, சரி, பார்ப்பம். கொஞ்சம் சவர்க்காரம் கரைச்சுத் தாங்க அக்கா.”

நுரையைத் தொட்டுக் குழாயின் பூட்டிலெல்லாம் பூசினார். காஸ் கசிந்தால் கொப்புளம் விடும். ஒன்றும் விடவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றி, வாயால் ஊதி, திரும்பப் பூட்டினார். பர்னர் மூடிகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார். காஸ் வரும் சிறு துவாரத்துக்குள் ஊசி விட்டுக் குத்தினார். அடுப்புக்கு அடியில் காற்றுப் போகும் வளையத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு சிலிண்டரோடு எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் வைத்துப் பற்றவைத்தார்.

நீலம். நடுப்பகலில் களப்பு முடிந்து கடல் தொடங்கும் இடத்து நீலம்.

“பார்த்தீங்களா!” என்றார் நிக்கொலஸ்.

ஸக்கியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “மாஷா அல்லாஹ்” என்றாள். கண்ணூறு படாமல் இருக்கவேண்டுமே!

உள்ளே கொண்டுபோய் வைத்துப் பற்றவைத்தார்கள். நீலம். கமறியா மீன் ஆணத்தை ஏற்றினாள். ஆணம் கொதித்து ஆவி மேலே போனது. ஆவி போகப் போக, நெருப்பின் நுனியில் ஒரு மஞ்சள் பொட்டு. பிறகு இரண்டு. ஆணம் வற்றும்போது அடுப்பு முழுக்கப் பழையபடி மாம்பழம்.

நிக்கொலஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

“நான் அப்பவே சொன்னன்” என்றாள் ஸக்கியா. வேலியடியில் நின்றவள் எப்போது அடுக்களை வாசலுக்கு வந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. “வெளிய நீலம், உள்ள மஞ்சள். இது அடுப்புட குத்தம் இல்ல, எடத்துட குத்தம். ஜின்னுட வேலை. நம்மட லெப்பைட்டக் கொஞ்சம் தண்ணி ஓதி வாங்கித் தெளிங்க.”

“ஜின்னுக்கு நான் ரிப்பேர் செய்றல்ல அக்கா” என்றார் நிக்கொலஸ். ஆனால் கதிரையைக் கொஞ்சம் வாசல் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

கமறியா இருவரையும் கவனிக்கவில்லை. சட்டியை இறக்கி, துணியால் பிடித்துக் கவிழ்த்து, அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாஸ், ஒரு சங்கதி. மஞ்சளா எரிஞ்சாச் சட்டி கரி பிடிக்கணுமே?”

“பிடிக்கும் அக்கா. காத்துக் காணாட்டி மஞ்சளா எரியும், கரி பிடிக்கும்.”

“பிடிக்கல்லையே. மூணு கிழமையா எரியுது. நான்தானே தேய்க்கிறன்? அடி வெள்ளையா இருக்கு.”

நிக்கொலஸ் சட்டியின் அடியில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. தன் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாக அதை எடுத்துக்கொண்டார் போலும்.

“நாளைக்குப் பிடிக்கும்” என்றார்.

மறுநாளும் பிடிக்கவில்லை. நிக்கொலஸ் தன் வீட்டு ரெகுலேட்டரையே கழற்றிக்கொண்டுவந்து பூட்டிப் பார்த்தார். குழாயை மாற்றினார். வேறு சிலிண்டர் வைத்துப் பார்த்தார். முற்றத்தில் நீலம், உள்ளே மஞ்சள். “அக்கா, எனக்கு இது விளங்கல்ல. வெள்ளிக்கிழமை த்ரீவீல் கொண்டாறன். என்ட வூட்டுல கொஞ்ச நாளைக்கு வெச்சுப் பாக்கிறன்” என்று கையை விரித்துவிட்டுப் போனார்.

றவூப் வியாழக்கிழமை உப்பளத்துக்குப் போகவில்லை. பின்வளவில் தகரக் கூரைக்குக் கீழே மூன்று கல் வைத்து விறகடுப்புக் கட்டினார். வெற்றிபெற்ற மனிதரின் சுறுசுறுப்பு. கல்லை வைத்தார், களிமண் பூசினார், விறகு அடுக்கினார். கடைசியாகச் சமையலறைக்குள் வந்து, காஸ் அடுப்புக்கு நேர்மேலே பரணில் இருந்த உப்புச் சாக்கை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு வருஷமும் முதல் வாரும் உப்பில் ஒரு சாக்கு றவூப் வீட்டுக்கு வரும். அது அடுப்புக்கு மேலேதான் இருக்கவேண்டும். கடற்காற்றில் உப்புக் கசியாமல் இருக்க அடுப்புச் சூடு வேண்டும். உப்பு உலர்ந்திருக்கும் வீட்டில் பரக்கத்தும் அருளும் இருக்கும். உப்பளத்து வீடுகள் எல்லாவற்றிலும் இதுதான் முறை. காஸ் அடுப்பு வந்தபோது விறகடுப்புப் போனது. பரணும் சாக்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. நெருப்பு எங்கேயோ அங்கேதானே உப்பும்? இப்போது நெருப்பு பின்வளவுக்குப் போகிறது. உப்பும் போனது. தகரக் கூரையின் குறுக்குத் தடியில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, தள்ளி நின்று பார்த்து, “பிஸ்மில்லாஹ்” என்றார்.

அன்றைக்குப் பகல் சோற்றைச் சிபானா விறகில் சமைத்தாள். மருந்துக்கடைக்கு லீவு போட்டிருந்தாள். கமறியா பத்தடி தள்ளித்தான் நின்றாள். ஆனால் சோழகம் புகையை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தது. மூன்றாவது இருமலில் சிபானா அகப்பையைக் கீழே வைத்தாள்.

“உம்மா, நான் ஃபாஹிமுக்குச் சொல்லப்போறன்.”

“என்னத்த?”

“வேற பொண்ணு பாக்கச் சொல்லி.”

“ஒனக்கென்ன விசரா?” கமறியாவுக்கு மூச்சு அகப்படவில்லை. “வாப்பா… கொஞ்ச நாளையில…”

“வாப்பாக்கு அடுப்புல பயம். எனக்கு ஒங்கட நெஞ்சுல பயம். ரெண்டுல ஒண்டுதானே நடக்கும்?”

றவூப் திண்ணமாக நின்றவர்தான். ஆனாலும் அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்தாரே தவிர, வாயில் வைத்தது குறைவு.

வெள்ளிக்கிழமை. றவூப் விடியுமுன் உப்பளத்துக்குப் போய்விட்டார். ஜும்ஆவுக்கு முன் வந்துவிடுவார். சிபானா உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். காஸ் அடுப்பு, போகப்போகிற மணப்பெண்போல, துடைத்துத் தயாராக இருந்தது. கமறியா அதன் முன்னால் நின்றாள். ஒரேயொரு தேத்தண்ணி. போகிறதோ போகிறது, கடைசியாக ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு விடுவோமே.

பற்றவைத்தாள். நீலம்.

அது ஒன்றும் புதினமில்லை. முதலில் எப்போதும் நீலம்தான். கேத்தலை ஏற்றினாள். தண்ணீர் கொதித்தது, ஆவி பறந்தது. கமறியா குனிந்து பார்த்தாள். நீலம். தேத்தண்ணி போட்டாள், குடித்தாள். நெருப்பை அணைக்கவில்லை. காஸ் வீணாகப் போவது தெரியும். ஆனாலும் கை குமிழுக்குப் போகவில்லை. காலையிலிருந்து பதினொன்றரை வரைக்கும், கீரி மீன் ஆணம், பருப்பு, சோறு என்று ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினாள். வட்டமாக, நுனி நுனியாக, நீலப் பூ விரித்ததுபோல் எரிந்தது. உள்ளேதான். அதே மேடையில்தான்.

நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது? லெப்பையிடம் யாரும் போகவில்லை. பாஸ் தொடவில்லை. கமறியா சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் அப்படியே இருந்தன. பரண் மட்டும் வெறுமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து றவூப் வந்தார். தோளிலும் முதுகிலும் வெயிலும் உப்பும். அவருக்கு ஒரு பழக்கம்: உப்பளத்தில் வேர்வையும் உப்புத் தண்ணீருமாக நனைந்து காய்ந்த சேர்ட்டைக் கழற்றி, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்று ஒரு உதறு உதறி, அங்கேயுள்ள ஆணியில் மாட்டுவார். விறகடுப்புச் சூட்டில் அது காயும். விறகடுப்புப் போய்விட்டது என்பதை மனம் அறியும், கை அறியாது.

உதறினார்.

அடுப்பு பொன்னாக எழும்பியது.

நுனி மட்டுமல்ல, வட்டம் முழுக்க, அடியிலிருந்து, ஒரே மூச்சில். நீலப் பூ இருந்த இடத்தில் சூரியகாந்தி. கமறியாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. மெல்ல மெல்ல, பொன் கரைந்து, அடியிலிருந்து நீலம் திரும்பி வந்தது.

“பாத்தியா? பாத்தியா?” றவூப் பின்னால் பாய்ந்தார். “மூடு அதை! சிபானா, வெளிய வா! பாஸ் எங்க?”

“நில்லுங்க.”

“என்ன நிக்கிறது?”

“அந்தச் சேர்ட்டை இன்னொரு தரம் உதறுங்க.”

“ஒனக்கென்ன, மூளை கலங்கிட்டா?”

“முப்பது வருஷமா நீங்க சொன்னதை எல்லாம் கேட்டன். இண்டைக்கு ஒண்டு நான் சொல்றன். உதறுங்க.”

றவூப் உதறினார், ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு. அடுப்பு மறுபடி பொன்னானது.

கமறியா பின்வளவுக்குப் போனாள். தொங்கிய சாக்கின் வாயை அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு வந்தாள். விரல்களால் நசுக்கி, மாவாக்கி, நெருப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஊதினாள்.

நிக்கொலஸ் த்ரீவீலை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும், சிபானா சவர்க்காரக் கையோடு ஓடி வந்ததும், ஸக்கியா எப்படியோ வந்ததும் அந்த நேரத்துக்குத்தான். நான்கு பேரும் பார்த்தார்கள். பொன் தூள் பறந்தது. ஒவ்வொரு துகளும் தனித்தனியாகப் பற்றி, ஒரு கணம் நின்று, மறைந்தது. பகல் வெளிச்சத்திலும் கமறியாவின் முகத்தில் அந்த நிறம் ஏறி இறங்கியது.

“சுப்ஹானல்லாஹ்” என்றாள் ஸக்கியா. அன்றைக்கு அதற்குமேல் அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அந்த ஒழுங்கையில் அது தனியாகச் சொல்லப்படவேண்டிய அதிசயம்.

“அம்மே!” என்றார் நிக்கொலஸ். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். “அடுப்புல ஒரு பிழையும் இல்ல! உப்பு எரியுது, உப்பு! அக்கா அண்டைக்கே சொன்னா, சட்டி கரி பிடிக்கல்லையெண்டு. நான் கேக்கல்ல.”

“அப்ப வெடிக்காதா?” என்றார் றவூப்.

“உப்பு எப்பிடி வெடிக்கிற நானா? மேலுக்கு இருந்து தூள் விழுந்திருக்கு. ஆவி பட்டுக் கசிஞ்சும் விழுந்திருக்கும். மாரியில சாக்கு வெறும் சாக்கா இருந்திருக்கும். புது உப்பு வந்தாப்போல மஞ்சள். சாக்கைத் திருப்பி இஞ்ச கொண்டாராதீங்க. பர்னரை அரிச்சுப் போடும்.”

“விறகு எரிச்ச காலத்துல?” என்று சிபானா கேட்டாள்.

“விறகு நெருப்பு எப்பவும் மஞ்சள்தானே மகள். அதுக்குள்ள உப்பு எரிஞ்சா யாருக்குத் தெரியும்?”

றவூப் மேடைக்குக் கிட்டே வந்தார். மூன்று வாரமாக அதைப் பயந்து பயந்து பார்த்தவர். இரண்டு உள்ளங்கையையும் நெருப்புக்கு மேலே பிடித்து ஒன்றோடொன்று தேய்த்தார். பொன் விழுந்தது. தாடியைத் தடவி உதறினார். பொன் விழுந்தது. முழங்கையைச் சொறிந்தார், அதிலிருந்தும் விழுந்தது. குளித்த உடம்பு என்று அவர் நினைத்திருந்த இடங்களிலிருந்தெல்லாம் விழுந்தது. சிறுவனைப்போல் அவர் நிறுத்தாமல் செய்துகொண்டேயிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

“இவ்வளவையுமா நான் மேல்ல வெச்சுக்கொண்டு திரியிறன்?” என்றார். “முப்பது வருஷமா இது எரிஞ்சிருக்கு. நான் வாற நேரமெல்லாம் எரிஞ்சிருக்கு.”

“எரிஞ்சிருக்கு” என்றாள் கமறியா. “எவ்வளவு வடிவா எரியுது பாருங்க.”

அவர் பார்த்தார். அடுப்பை அல்ல, அந்த நிறம் விழுந்திருந்த அவள் முகத்தை. பள்ளியில் பாங்கு சொல்லிவிட்டது. அன்றைக்கு றவூப் ஜும்ஆவுக்குக் குத்பாப் பிரசங்கத்தின் பாதியில்தான் போய்ச் சேர்ந்தார் என்பதை, பின்வரிசையில் இருந்தவர்கள் சொல்லி ஊர் அறியும்.

த்ரீவீல் வெறுமையாகத் திரும்பவில்லை. நிக்கொலஸ் ஒரு சட்டி மீன் ஆணத்தோடு போனார். மூன்று கல் அடுப்பில் இப்போது கோழி அடைகாக்கிறது. உப்புச் சாக்கு கிணற்றடிக் கொட்டிலில் இருக்கிறது, கசியத்தான் செய்கிறது. பரக்கத்துப் போய்விடுமே என்று றவூப் ஒரு வாரம் முனகினார். பிறகு மறந்துவிட்டார்.

சொன்ன நாளில் நிக்காஹ் நடந்தது. சிபானா கற்பிட்டிக்குப் போய்விட்டாள். வெங்காயத்துக்கு நாளைக்கு இரண்டு தரம் தண்ணீர் ஊற்றுகிறாளாம், ஃபாஹிம் ஒரு தரம்தானாம். ஸக்கியா அடுத்த வருஷம் மகனோடு கனமூலையில் குடியேறினாள். அங்கே அவள், உப்பால்தான் அடுப்பு மஞ்சளிக்கிறது என்று கண்டுபிடித்த பெண்ணாக மரியாதையோடு இருக்கிறாள். ஜின்னைப் பற்றிக் கேட்டால், அதைச் சொன்னது பாஸ் என்கிறாள். அவள் போனபிறகு வேலி வெறுமையாகக் கிடக்கிறது. கமறியா சில நாள் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் பார்த்துக் குரலைத் தணிப்பாள்.

றவூப் இப்போது கிணற்றடியில் சேர்ட்டைக் கழற்றி, இரண்டு வாளி ஊற்றி, துவாயால் துடைத்துக்கொண்டுதான் சமையலறைக்குள் வருகிறார். சத்தம் போடாமல் வருவார். ஆனாலும் முப்பது வருஷத்து உப்பு இரண்டு வாளித் தண்ணீரில் போகிற உப்பா? கமறியா வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று ஆணத்தைக் கிண்டிக்கொண்டிருப்பாள். நீல நெருப்பின் நுனியில், ஒரு பக்கத்தில், பொன் பொட்டொன்று துளிர்க்கும்.

“வந்துட்டீங்களா?” என்பாள், திரும்பாமலே.